"இனிமே நீதான், பாத்துக்கோ" என்றார்கள்: புது சூப்பர்வைசர் வேலையை எங்கே கற்றுக்கொள்வது?

ஊசுட்டேரிக்கரை | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி பக்கம் சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் வேலை. பாட்டில் மூடி, டப்பா மூடி போடுகிறோம். ஐ.டி.ஐ. முடித்து ஹெல்பராகச் சேர்ந்தேன், அப்புறம் ஆபரேட்டர், ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஆறு வாரத்துக்கு முன்னால் எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். மறுநாள் பிளான்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்தார். "இனிமே நீதான், பாத்துக்கோ" என்றார். எனக்குக் கிடைத்த டிரெய்னிங் அந்த மூன்று வார்த்தைதான்.

மெஷின் எனக்குத் தெரியும். ஓட்டத்தில் சத்தம் மாறினால் தூரத்தில் நின்றே எந்த நம்பர் என்று சொல்லிவிடுவேன். ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரியவில்லை. ஆபரேட்டர் 6, ஹெல்பர் 3, பேக்கிங்கில் அக்காமார் 5, ஆக 14 பேர். முன்பெல்லாம் நைட் ஷிப்ட் டீ நேரத்தில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். இப்போது நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருவர் போனை எடுக்கிறார், இன்னொருவர் டம்ளர் கழுவ எழுந்து போகிறார்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இதே ஷிப்டில் இருக்கிறார். 22 வருஷ சர்வீஸ். ஹாப்பரில், அதாவது மெஷின் மேல் இருக்கும் தொட்டியில், மெட்டீரியல் கொட்டுவதிலிருந்து எல்லாம் அவர் சொல்லித்தந்ததுதான். ஒரு மணிக்கு ஒருமுறை எழுத வேண்டிய செக் ஷீட்டை அவர் எழுதுவதே இல்லை. ஷிப்ட் முடியும்போது எட்டுக் கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டுப் போகிறார். "ஏண்ணே எழுதல" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானே அவர் மெஷினுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

போன வாரம் நைட்டில் நடந்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் நம்பரில் மோல்ட், அதாவது மூடியை வார்க்கும் அச்சு, மாற்ற வேண்டியிருந்தது. மற்றவர்கள் செய்தால் இரண்டு மணி நேரம், நான் செய்தால் ஒன்றேகால். அதனால் நானே இறங்கினேன். ஐந்தாம் நம்பர் ஆபரேட்டர் அன்று லீவு. சேர்ந்து பத்து நாளான ஹெல்பர் பையனை அங்கே நிறுத்தியிருந்தேன். நான் மோல்டுக்குள் தலையை விட்டிருந்த நேரத்தில் ஐந்தாம் நம்பரில் மூடி விளிம்பில் பிசிறு வர ஆரம்பித்திருக்கிறது. நிமிஷத்துக்கு 80 மூடி விழுகிற மெஷின். ஒன்றேகால் மணி நேரத்தில் 6,000 மூடி வீண். பாதிக்கு மேல் பேக்கிங்கே ஆகிவிட்டது.

அந்தப் பையனை பேக்கிங் டேபிள் பக்கத்தில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் கத்தினேன். "கண்ணு எங்கடா இருந்துச்சு" என்றேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, கையிலிருந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. ஏழு வருஷத்தில் என்னை ஒருவரும் அப்படித் திட்டியதில்லை. அந்த அண்ணன்கூட.

இதையெல்லாம் எங்கே போய்க் கற்றுக்கொள்வது? இல்லை, மறுபடி ஆபரேட்டராகவே விட்டுவிடுங்கள் என்று கேட்டுவிடலாமா?

நோணாங்குப்பம் | ஞாயிறு, இரவு 10:15

பயம் இல்லாத இடத்தில் வேலை நடக்காது, சகோ. முதல் மூன்று மாதம் யாரிடமும் சிரித்துப் பேசாதீர்கள். அந்த அண்ணனுக்கு ஒரு மெமோ கொடுங்கள், மற்ற 13 பேரும் தானாக நேராகிவிடுவார்கள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பத்து வருஷமாக நான் ஷிப்ட் ஓட்டுவது இப்படித்தான்.

இரவுப்பணி | திங்கள், காலை 7:50

நைட் முடிந்து வந்து படிக்கிறேன். தம்பி, அவசரப்பட்டுப் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிடாதே. அந்தப் பையனை நினைத்து உனக்குத் தூக்கம் வரவில்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது. அப்படிப்பட்ட ஆள்தான் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.

நான் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். ஊசி போடத் தெரியும், டிரிப் ஏற்றத் தெரியும், 12 சிஸ்டர்களை வைத்து ஒரு வார்டை நடத்த எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. இன்சார்ஜ் ஆகி இரண்டு மாதத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. நைட் டூட்டிக்கு வர வேண்டியவர்களால் வர முடியவில்லை. மத்தியானம் வந்தவர்களில் இரண்டு பேரை இருக்கச் சொல்ல வேண்டும். நான் டூட்டி லிஸ்டைப் பார்த்தேன், மேலே இருந்த இரண்டு பேரைச் சொல்லிவிட்டேன். அதில் ஒருத்தி அழுதாள். அவள் வீடு ரெயின்போ நகரில் தரைத்தளம், படுத்த படுக்கையாக மாமியார், வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஹாஸ்டலில் தங்கியிருக்கிற இன்னொரு பெண் தானாக வந்து "நான் இருக்கேன்க்கா, அவங்கள விடுங்க" என்றாள். அழுதவள் இரண்டு மாதமாக நான் தினமும் பார்க்கிற முகம். அவள் வீடு எங்கே இருக்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதே கிடையாது.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்தேன். வாரத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு கால் மணி நேரம். உட்கார்ந்து கேட்பேன்: எந்த வேலை சுலபமாகப் போகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறாய், நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா. அவர்கள் பேசும்போது நான் குறுக்கே பேச மாட்டேன், அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சொன்னதைச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வேன். முடியும் என்றால் அந்த வாரத்துக்குள் செய்வேன், முடியாது என்றால் முடியாது என்று போய்ச் சொல்வேன். பதில் சொல்லாமல் மட்டும் விடுவதில்லை. இரண்டாவது சுற்றில்தான் மனம் விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். முதல் சுற்றில் "ஒண்ணும் இல்லக்கா" என்பதுதான் எல்லோருடைய பதிலும், அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதே.

டீ பெஞ்சைப் பற்றிக் கவலைப்படாதே. நீ இல்லாதபோது உன்னைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். டம்ளரை எடுத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு நகர்ந்துவிடு.

அந்தப் பையன் விஷயம். எல்லோர் முன்னாலும் திட்டினாய், அதனால் மன்னிப்பும் எல்லோர் முன்னாலும்தான் கேட்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டால் கணக்குத் தீராது.

மந்தாரக்குப்பத்தான் | திங்கள், மாலை 5:30

தம்பி, நெய்வேலியில் சுரங்கப் பராமரிப்பில் 34 வருஷம் இருந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர், கன்வேயர் எல்லாம் என் கையில் ஓடியவை. உன் எழுத்தில் ஒரு வார்த்தை கண்ணில் பட்டது, "பாத்துக்கோ". மேனேஜர் உன்னிடம் அப்படிச் சொன்னார். சரி, அந்தப் பையனை ஐந்தாம் நம்பரில் நிறுத்தும்போது நீ அவனிடம் என்ன சொன்னாய்? யோசித்துப் பார்த்து எழுது.

நீ பதில் எழுதுவதற்குள் ஒரு பழைய கதை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின. பழைய ஆட்கள் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். வந்தவர்களில் பலர் தொழிற்சாலையையே பார்த்தறியாதவர்கள், அவர்களுக்கு மேஸ்திரியாகப் போட்டவர்களும் உன்னைப் போல நேற்று வரை மெஷினில் நின்றவர்கள். அவர்களுக்காக 1940இல் அரசாங்கம் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி. பத்துப் பேர் ஒரு குழு, தினம் இரண்டு மணி நேரம், ஐந்து நாள், அவ்வளவுதான் ஒரு பாடம். 1945இல் திட்டம் முடியும்போது 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படித்து முடித்திருந்தார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டா அதைப் பிடித்துக்கொண்டது.

அதில் முதல் நாள் ஒரு முடிச்சு போடச் சொல்வார்கள். பல்பு ஹோல்டருக்குள் வயர் இழுபட்டுக் கழன்றுவிடாமல் இரண்டு வயரையும் பின்னிப் போடுகிற முடிச்சு. பயிற்சியாளர் முதலில் வாயால் மட்டும் விளக்குவார். ஒருவருக்கும் போட வராது. அப்புறம் பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அப்போதும் வராது. மூன்றாவது முறை ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, படிப்படியாகச் சொல்லிக்கொண்டே செய்து காட்டி, எந்த இடத்தில் ஏன் கவனம் வேண்டும் என்று விளக்கி, அவரையே சொல்லிக்கொண்டே செய்யவைப்பார். அப்போது வரும். எனக்கு இதை ஒரு மூத்த ஃபோர்மேன் ஒர்க்‌ஷாப்பில் வயரைக் கையில் கொடுத்தே காட்டினார். நானும் இரண்டு முறை தோற்றேன்.

வேலை கற்றுக்கொடுப்பது நாலு படி. ஆளை முதலில் சகஜமாக்கு, அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொள். வேலையைப் படி படியாகக் காட்டு, எது முக்கியம், ஏன் முக்கியம் என்று சொல். அவனைச் செய்யவிடு, செய்யும்போதே அவன் வாயால் சொல்லவை. அப்புறம் தனியாக விடு, ஆனால் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடிக்கடி போய்ப் பார், போகப் போகக் குறைத்துக்கொள். அந்தத் திட்டத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வார்த்தை உண்டு: கற்றுக்கொள்பவனுக்கு வரவில்லை என்றால் கற்றுக்கொடுத்தவன் இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆட்களை நடத்துவதற்கு இன்னொரு பாடம். அவரவர் வேலை எப்படி இருக்கிறது என்று அவரவரிடமே சொல். நன்றாகச் செய்தால் அப்போதே சொல். ஒருவரைப் பாதிக்கும் மாற்றம் எதுவானாலும் முன்கூட்டியே அவரிடம் சொல். ஒருவரிடம் இருக்கும் திறமை வீணாகாமல் பார். இந்த நாலில் எது உன் ஷிப்டில் நடக்கவில்லை என்று பார்.

ஊசுட்டேரிக்கரை | திங்கள், இரவு 11:05

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டேன். நான் அவனிடம் சொன்னது, "டேய், அஞ்சாம் நம்பரைப் பாத்துக்கோ, வந்துடறேன்". பிசிறு என்றால் என்ன என்று அவனுக்கு நான் காட்டியதில்லை. வேறு யாரும் காட்டினார்களா என்றும் தெரியாது. டப்பா நிறைந்தால் மாற்ற வேண்டும், அதைத்தான் பாத்துக்கோ என்கிறார்கள் என்று நினைத்திருப்பான். டப்பாவை எல்லாம் அவன் சரியாகத்தான் மாற்றியிருந்தான்.

இரவுப்பணி அக்கா சொன்னது போல நாளைக்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அவன் வர வேண்டும். கான்ட்ராக்டரிடம் நம்பர் வாங்கிப் பேசினேன், வருகிறேன் என்றான்.

குடிகாடு ஜெனரல் ஷிப்ட் | செவ்வாய், காலை 8:30

எல்லோரும் நல்ல விஷயமாகச் சொல்கிறீர்கள். ஆனால் முழுப் பாரத்தையும் இவர் தலையிலேயே வைக்கிறீர்கள். எனக்குக் கோபம் இவர் மேல் இல்லை. 14 பேரையும் ஆறு மெஷினையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து பேசாத நிர்வாகத்தின் மேல்தான் கோபம். நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் யூனிட்டில் இருக்கிறேன். அங்கே ஒரு வால்வைத் திறக்கப் புது ஆளை விடுவதற்கு முன் பத்துக் கையெழுத்து வேண்டும். புது சூப்பர்வைசரை ஆட்கள் மேல் விடுவதற்கு ஒரு கையெழுத்தும் வேண்டாம்.

நண்பரே, உங்கள் மேனேஜரிடம் இதைக் கேளுங்கள். அரை நாள் லீவு நீங்கள் கொடுக்கலாமா, மேலே கேட்க வேண்டுமா? ரிஜெக்‌ஷன் வந்தால் மெஷினை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் உண்டா? டார்கெட் குறைந்தால் அப்புறம் யார் திட்டு வாங்குவது? ஆள் வரவில்லை என்றால் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) போட நீங்கள் முடிவு செய்யலாமா? ஓ.டி. என்றால் இரட்டிப்புச் சம்பளம், சட்டத்திலேயே இருக்கிறது, அது இல்லாமல் யாரையும் இருக்கச் சொல்லாதீர்கள். உங்களைத்தான் கேட்பார்கள். பதில் வந்ததும் ஒரு மெயிலாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ "இன்று பேசியபடி" என்று போட்டு அனுப்பிவிடுங்கள். அதிகாரம் எதுவரை என்று தெரியாமல் நிற்கிற ஆள்தான் எல்லாவற்றையும் தானே செய்கிறான், இல்லாவிட்டால் கத்துகிறான்.

முத்தியால்பேட்டை | செவ்வாய், மாலை 6:10

பேக்கிங்கில் வேலை பார்க்கிறவள் நான், வேறு கம்பெனி. உங்கள் ஷிப்டில் அஞ்சு அக்காமார் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

சூப்பர்வைசர் ஒருவரைத் திட்டும்போது அன்றைக்கு அத்தனை பேருக்கும் கை நடுங்கும். அடுத்து பிசிறு வந்தால் சொல்லலாமா, சொன்னால் நம்மேல் விழுமா என்று யோசிப்போம். அந்த 6,000 மூடியில் சிலதை உங்கள் அக்காமார் பார்த்திருப்பார்கள். ஏன் சொல்லவில்லை என்று அவர்களைக் கேளுங்கள். குற்றவாளியைக் கேட்கிற மாதிரி கேட்காதீர்கள், அவர்கள் சொல்ல என்ன வழி வேண்டும் என்று கேளுங்கள்.

எங்களுக்கு முன்பு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். ஷிப்ட் மாறப் போகிறதென்றால் நாலு நாள் முன்னால் வந்து சொல்லிவிடுவார். பிள்ளையை யாரிடம் விடுவது என்று பார்த்துக்கொள்ள எங்களுக்கு நேரம் இருக்கும். வேறு பெரிதாக அவர் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவர் கேட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வருவோம்.

இன்னொன்று. பெண்கள் யாராவது உங்களிடம் வந்து ஒருவர் தப்பாகப் பேசினார், தொட்டார் என்று சொன்னால் நீங்களே பஞ்சாயத்து செய்து முடித்துவைக்காதீர்கள். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகாரை எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் யார் யார், பெயர் எங்கே ஒட்டியிருக்கிறது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் வந்தபிறகு தேடக் கூடாது.

ஊசுட்டேரிக்கரை | பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிறு காலை 10:20

நடந்ததைச் சொல்கிறேன்.

பையன் வந்தான். ஷிப்ட் ஆரம்பத்தில் எல்லோரும் நிற்கும்போது சொன்னேன்: "அன்னைக்கு இவனை நான் கத்தினது தப்பு. என்ன பாக்கணும்னு நான் இவனுக்குச் சொல்லித்தரல. அந்த 6,000 மூடி என் கணக்கு." குரல் கொஞ்சம் தடுமாறியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மெஷினுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அன்று டீ நேரத்தில் பேக்கிங் அக்கா ஒருவர், "எங்களுக்கும் பிசிறு தெரிஞ்சுதுப்பா, நீ மோல்டுக்குள்ள இருந்த, யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல" என்றார். முத்தியால்பேட்டை அக்கா எழுதியது அப்படியே நடந்தது. இப்போது பேக்கிங் டேபிளில் ஒரு சிவப்பு டப்பா வைத்திருக்கிறோம். சந்தேகம் வந்த மூடியை அதில் போட்டால் போதும். மூன்று விழுந்தால் பக்கத்தில் இருக்கும் ஆபரேட்டர் யாராக இருந்தாலும் மெஷினை நிறுத்தலாம். இதற்கு மேனேஜரிடம் அனுமதி வாங்கினேன், "இன்று பேசியபடி" என்று வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டேன். மற்ற கேள்விகளில் லீவுக்கு மட்டும் பதில் வந்தது: அரை நாள் வரை நான் கொடுக்கலாம். ஓ.டி.க்கு இன்னும் பதில் இல்லை.

மோல்ட் மாற்றும் வேலையை இன்னொரு ஆபரேட்டரிடம் கொடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். போல்ட்டை அவர் எதிர்ப் பக்கத்திலிருந்து இறுக்க ஆரம்பித்தபோது வாயைத் திறக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டேன். பாதுகாப்புக்கோ மோல்டுக்கோ கேடு இல்லை, வழக்கம்தான் வேறு. முதல் முறை இரண்டு மணி பத்து நிமிஷம், இரண்டாம் முறை ஒன்று ஐம்பது. அந்த இரண்டு மணி நேரத்தில் மற்ற ஐந்து மெஷினையும் நான் சுற்றிப் பார்த்தேன். சூப்பர்வைசர் ஆனதிலிருந்து முதல் தடவையாக.

அண்ணன். வியாழக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து பத்துக்கண்ணு ஊரில் டீ சாப்பிட்டோம். ஷீட்டைப் பற்றி நேராகக் கேட்டேன். "இருபது வருஷமா எழுதறேன், ஒருத்தனும் திருப்பிப் பார்த்ததில்ல. ஒவ்வொரு மணிக்கும் பாக்கச் சொல்ற எட்டு விஷயத்துல மூணுதான் நிஜமா பாக்கணும், மத்தது சும்மா" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன்னைப் போட்டதுல எனக்கு வருத்தம் இல்லடா. நோட்டீஸ் போர்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன் பாரு, அதான்" என்றார். அன்று ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் நான் முதலில் அவரிடம் போயிருக்க வேண்டும். ஐயா சொன்ன நாலில் மூன்றாவது, மாற்றத்தை முன்கூட்டியே சொல்வது.

அந்த மூன்று விஷயத்தை மட்டும் மணிக்கு ஒருமுறை, மற்ற ஐந்தை ஷிப்டுக்கு இரண்டு முறை என்று மாற்ற முடியுமா என்று குவாலிட்டியில் கேட்டிருக்கிறேன். கஸ்டமர் கேட்டது எட்டு, குறைக்க முடியாது என்கிறார்கள். பார்க்கலாம்.

நோணாங்குப்பம் | ஞாயிறு, மதியம் 1:00

சந்தோஷம் சகோ. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். டீ குடித்தாகிவிட்டது, மனம் விட்டுப் பேசியாகிவிட்டது. நாளைக்கும் அவர் கடைசி பத்து நிமிஷத்தில் எட்டுக் கட்டத்தையும் நிரப்பினால்? மெமோவே வேண்டாம் என்கிறீர்களா?

இரவுப்பணி | ஞாயிறு, மதியம் 2:30

இவர் கேட்பது சரியான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. நானும் ஒருமுறை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். ஒரு சிஸ்டர் அளக்காமலே பி.பி. எழுதியிருந்தாள். நாலு மணிக்கு 120/80, ஆறு மணிக்கு 120/80, எட்டு மணிக்கும் அதே. முதல் தடவை தனியாக உட்காரவைத்து, இதனால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று சொன்னேன். ஏன் அளக்கவில்லை என்றும் கேட்டேன். அந்த வார்டில் ஒரே ஒரு பி.பி. மெஷின்தான் நன்றாக இருந்தது, அது எப்போதும் வேறு இடத்தில் இருந்தது. இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறமும் நடந்தது. அப்போது எழுத்தில் கொடுத்தேன். அவள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அளந்தாள்.

தம்பி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் மனம் புண்பட்டதைக் கேட்டாய், நல்லது. ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது பொய்க் கணக்கு. அதை அவரிடம் சொன்னாயா? நீ எழுதியதில் அது இல்லை.

ஊசுட்டேரிக்கரை | ஞாயிறு, மதியம் 3:15

சொல்லவில்லை அக்கா. அவர் நோட்டீஸ் போர்டு என்றதும் எனக்கு மேலே பேச வரவில்லை.

மந்தாரக்குப்பத்தான் | ஞாயிறு, இரவு 8:00

வருவது சிரமம்தான். நான் ஃபோர்மேன் ஆனபோது என் சொந்தச் சித்தப்பா என் கேங்கில் இருந்தார். எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் சொன்னது இரண்டு வரிதான். பார்த்ததை மட்டும் சொல், ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. "அண்ணே, நேத்து ஷீட்ல எட்டு கட்டமும் ஒரே நேரத்துல நிரம்பியிருந்துது. பாக்காத மணிக்கு எழுதாதீங்க, காலியா விட்டுடுங்க, நான் மேல சொல்லிக்கறேன்." அவ்வளவு போதும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். அவர் பேசட்டும்.

இன்னொரு வழியும் யோசி. 22 வருஷ அனுபவத்தை ஒரு மெஷினுக்குள் அடைத்து வைத்திருக்கிறாய். உனக்கு ஹாப்பரைக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுக்க மாட்டாரா? ஐந்தாம் நம்பரில் பிசிறு பார்ப்பது எப்படி என்று படிப்படியாக ஒரு தாளில் எழுது. எழுதியதை அவரிடம் கொடுத்து, தப்பு இருந்தால் திருத்தித் தரச் சொல். வேலை பெரிதானால் பத்துப் படிக்கு மேல் போகாமல் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள். எழுதியதை இங்கேயும் போடு, பார்க்கிறேன்.

காசு கொடுத்துப் போகிற ஒரு நாள் வகுப்புகளைப் பற்றி ஒருவர் எனக்குத் தனியாகக் கேட்டிருந்தார். போவதில் தப்பில்லை. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் தலைமைப் பண்பு, ஆள் நிர்வாகம் பற்றிய பாடங்களை இலவசமாகவே கேட்கலாம். ஆனால் கேட்ட மறுநாள் ஒரு ஆளிடம், ஒரு விஷயத்தில் செய்து பார்க்காவிட்டால் அது தங்காது.

ஊசுட்டேரிக்கரை | பன்னிரண்டு நாள் கழித்து, வெள்ளி இரவு 10:50

ஐயா, நீங்கள் எழுதிய அதே இரண்டு வரியைத்தான் சொன்னேன். அண்ணன் முகம் மாறியது. "என்னைப் பொய்யன்ங்கறியா" என்றார். "இல்லண்ணே, காலியா இருந்தா நான் பதில் சொல்லிக்கறேன், எழுதியிருந்தா என்னால சொல்ல முடியாது" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஷீட்டில் மூன்று கட்டம் காலியாக இருந்தது. ஐந்து கட்டம் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு பேனா அழுத்தத்தில் எழுதியிருந்தது. அந்த மூன்று காலிக்கு மேனேஜரிடம் நான் திட்டு வாங்கினேன். இப்போது ஒன்றோ இரண்டோதான் காலி.

பிசிறு பார்க்கிற தாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். மூன்று முறை கிழித்துப் போட்டேன். கையே செய்துவிடுகிற வேலையைப் படிப்படியாக எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. கடைசியில் வந்தது இது:

பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு ஷாட் முழுவதும் எடு, அதாவது மோல்ட் ஒருமுறை திறந்தால் விழும் 16 மூடி. தரையில் விழுந்ததை எடுக்காதே. மூடியைத் திருப்பி, விளிம்பை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடி. மெல்லிசாகத் தோல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் பிசிறு. அப்புறம் விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டு. கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலில் தட்டும். ஒன்றில் இருந்தாலும் மூடியின் உள்பக்கம் இருக்கும் நம்பரைப் பார், மோல்டின் எந்தக் குழியில் வந்தது என்று அது சொல்லும். நம்பரை ஆபரேட்டரிடம் சொல். மூன்றில் இருந்தால் சிவப்பு பட்டனை அழுத்து, யாரையும் கேட்க வேண்டாம்.

அண்ணனிடம் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துக்கொண்டார். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். நேற்று நைட் ரவுண்டு போகும்போது பார்க்கிறேன், ஐந்தாம் நம்பர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அந்தப் பையனை உட்காரவைத்திருக்கிறார். அவன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "லைட்டுக்கு நேரா, அப்புறம் விரல்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் கிட்டப் போகவில்லை.

ஷிப்ட் முடிந்து அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். என் எழுத்துக்கு மேலே பென்சிலில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "விரல் ஓட்டும் முன் கையுறையைக் கழற்றவும். உறை போட்ட கையில் தெரியாது." ஏழு வருஷமாக நான் அப்படித்தான் கழற்றிவிட்டுப் பார்க்கிறேன். எழுதும்போது அது நினைவுக்கே வரவில்லை.